நீல வரிசை

எங்கள் வீட்டிலேயே கனமான சொல் 'கொஞ்சம்'தான். "அம்மா, கொஞ்சம் பாலைப் பாரேன்." "அம்மா, கொஞ்சம் இவளுக்கு சாக்ஸ் மாட்டி விடேன்." "அத்தை, கேஸ் வந்தா கொஞ்சம் வாங்கி வச்சிடுங்க." ஒவ்வொன்றும் கொஞ்சம்தான், நான் பொய் சொல்லவில்லை. ஆனால் பல் துலக்குவதற்கு முன்பே தொடங்கும் கொஞ்சங்கள், விளக்கை அணைக்கும் நேரத்தில் ஒரு மூட்டையாகி என் இடுப்பில் ஏறி உட்கார்ந்துவிடும். டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பு அந்த மூட்டையை இறக்குவதில்லை.

மகள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை ரயில் ஓட்டுகிறவர். விருந்தாளி மாதிரி வருவார், அழுக்குத் துணியைப் போடுவார், தூங்கி எழுந்து போய்விடுவார். நல்ல மனிதர். தூங்கும்போது இன்னும் நல்லவர். இவர்களுடைய நாலு வயது வாண்டு என் பொறுப்பில். பேத்தியோடு இருப்பதைப் போல ஒரு சுகம் உண்டா என்று கேட்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேத்தியைப் பார்க்கிறவர்கள். எனக்கும் அவள்மேல் உயிர்தான். ஆனால் உயிராக இருப்பவளும் ஓயாமல் "பாட்டீ, பாட்டீ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் உயிர் போய்விடும்.

இதை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் கிழவிக்குப் பாசம் இல்லை என்பார்கள். பாசம் எல்லாம் இருக்கிறது. முழங்கால்தான் இல்லை.

அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு துணிப்பை இருந்தது. அலமாரியின் அடித்தட்டில், வாண்டுவின் உடைந்த பொம்மைகளுக்குப் பக்கத்தில். அதற்குள் உல்லன் நூலில் குரோஷா பின்னிய ஒரு படுக்கை விரிப்பு, இன்னும் முடியாதது. அதில் பாதிதான் என்னுடையது. மறுபாதி தந்தியுடையது.

தந்தி என் சிநேகிதி. வேலை பார்த்த காலத்தில் நான் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் பலகையில் உட்கார்ந்திருந்தேன். அவள் அதே கட்டடத்தில் தந்திப் பிரிவில். தந்தி அடித்து அடித்து அவள் பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. 'வரவும்', 'போதும்', 'சரியில்லை'. ஒரு சொல்லில் முடியும் விஷயத்துக்கு இரண்டாவது சொல்லை எடுக்க மாட்டாள். எனக்கு 'ரேடியோ' என்று பேர் வைத்தவளும் அவள்தான். போட்டால் நிறுத்தத் தெரியாதாம். என் வீட்டுக்காரர் போனபோது வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு மணி நேரம் ஆறுதல் சொன்னார்கள். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. தந்தி வந்தாள், "இருக்கேன்" என்றாள், சமையலறைக்குப் போய்க் குவிந்து கிடந்த பாத்திரங்களைக் கழுவினாள். அது மட்டும் நினைவிருக்கிறது.

ஓய்வு பெற்ற புதிதில் எல்லாரையும் போல எனக்கும் ஒரு கிறுக்குப் பிடித்தது, கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று. படம் வரைந்தேன். ஆப்பிள் என்று வரைந்ததைத் தக்காளி என்றார்கள். தக்காளி என்று ஒப்புக்கொண்ட பிறகு, ஏன் காம்பு இவ்வளவு பெரிசு என்றார்கள். களிமண்ணில் ஒரு கோப்பை செய்தேன். அது நிற்கவே இல்லை, கூலி கேட்கிறவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் குரோஷா ஊசி கைக்கு அடங்கியது. தந்தியையும் இழுத்துவிட்டேன். ஆளுக்கொரு விரிப்பு என்று தொடங்கினோம். என் கை இறுக்கம். கண்ணிக்குக் கண்ணி மூச்சு விடாமல் பின்னியதில், விரிப்பு சட்டி மாதிரி குழிந்துகொண்டு எழுந்தது. அவள் கை ஒரேயடியாகத் தளர்ச்சி. அவளுடையதைத் தூக்கிப் பிடித்தால் மீன்வலை. இரண்டையும் தரையில் விரித்துப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:

"சேர்க்கலாம்."

இரண்டையும் பிரித்து ஒன்றாகத் தொடங்கினோம். எனக்கு அரக்கு நூல், அவளுக்கு நீலம். நான் ஒரு வரிசை, அவள் ஒரு வரிசை. என் வரிசை இழுத்துப் பிடிக்க, அவள் வரிசை விட்டுக் கொடுக்க, விரிப்பு ஒருவழியாகத் தட்டையாகப் படுத்தது. ஓரம் மட்டும் ரம்பப் பல் மாதிரி உள்ளே வெளியே என்று போகும். என் மகள் அதற்கு முதலை என்று பேர் வைத்திருந்தாள். எங்களுக்குள் இரண்டு சட்டம்தான். ஒருத்தி வரிசையை இன்னொருத்தி பிரிக்கக் கூடாது, எவ்வளவு கோணலாக இருந்தாலும். இரண்டாவது, தொடங்கிய வரிசையைப் பாதியில் வைக்கக் கூடாது. எப்போது முடிப்பது என்று மட்டும் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. விரிப்பு கட்டிலைத் தாண்டி எப்போதோ போய்விட்டது. "யாருக்கு அத்தை, யானைக்கா?" என்று மாப்பிள்ளை விழித்திருந்த ஒரு நாளில் கேட்டார்.

பிறகு தந்தி மகன் வீட்டோடு போய்விட்டாள். இரண்டு பஸ் மாற வேண்டிய தூரம். நல்லவேளையாக அவள் மருமகளும் என் மகளும் ஒரே அலுவலகம், ஒரே அறை. பை அவர்கள் கையில் போகும், வரும். மத்தியானத்தில் வாண்டு தூங்கியதும் நான் போன் போடுவேன். தந்தி போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணைமேல் வைத்துவிட்டுத் தன் வரிசையைப் பின்னுவாள். நான் பேசுவேன். மேல்வீட்டுச் சண்டை, என் முழங்கால், மகள் சொன்னது, நான் சொல்லாமல் விழுங்கியது, எல்லாம். அந்தப் பக்கத்திலிருந்து 'உம்' கூட வராது. நூல்கண்டை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருப்பாள். அது உருண்டு டப்பாவில் இடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அந்த ஒரு மணி நேரத்தில் என் மூட்டை இறங்கிவிடும்.

பை திரும்பி வந்ததும் அவள் வரிசையை விரலால் தடவிப் பார்ப்பேன். பேச்சு சுவாரசியமான இடத்தில் அவள் கை தன்னை மறந்திருக்கும், கண்ணி தளர்ந்து பெரிதாகியிருக்கும். சலித்த இடத்தில் சிறுத்திருக்கும். மேல்வீட்டுக்காரி புருஷனை வெளியே வைத்துப் பூட்டியது இங்கே, என் முழங்கால் இங்கே என்று என்னால் காட்ட முடியும். வரிசை முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். இந்த வயதிலும் ஒரு பல் விழவில்லை என்று அவளுக்குக் கர்வம். அறுந்த நுனி நார் நாராக, எலிவால் மாதிரி தொங்கும். எனக்கு முன்பல் இரண்டும் எப்போதோ போய்விட்டன. நான் கத்தரிக்கோல்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் அவள் போனை மருமகள் எடுத்தாள். "அத்தைக்குக் காதுல ஏதோ கோளாறு, பெரியம்மா. கொஞ்ச நாள் போன்ல பேசக் கூடாதுன்னுட்டாங்க டாக்டர்."

பேசாதவளுக்குக் கேட்கவும் தடையா என்று சிரித்துவிட்டு வைத்தேன். பை மட்டும் தவறாமல் வந்தது, போனது. நீல வரிசை தளர்வாகவே இருந்தது, ஆனால் ஏற்ற இறக்கம் இல்லை. நான்தான் பேசவில்லையே, அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். பேச ஆளில்லாமல் குக்கரிடம் பேசினேன். அது விசிலடித்தது. ஒரு நாள் மகள் சொன்னாள், "அம்மா, மத்தியானம் இப்போ நீ சும்மாதானே இருக்க? கொஞ்சம் இஸ்திரி போட்டு வச்சிடேன்." போன் இருந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டி வந்து உட்கார்ந்தது. மாப்பிள்ளையின் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டே நின்ற அந்த மத்தியானங்களில்தான், இனிமேல் இப்படியே தேய்ந்து போய்விடுவேன் போலிருக்கிறது என்று எனக்கு முதல்தடவையாகத் தோன்றியது. அழுகை வரவில்லை. அலுப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, வாண்டு தூங்கிய பிறகு, இஸ்திரியைத் தள்ளி வைத்துவிட்டுப் பையைப் பிரித்தேன். என் அரக்கு வரிசையைத் தொடங்குவதற்கு முன் அவள் விட்ட நீல நுனியைப் பிடித்து உள்ளே செருக வேண்டும். நுனியைத் தேடினேன். கிடைக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், யாரோ அதை ஏற்கெனவே அழகாக உள்ளே செருகி வைத்திருக்கிறார்கள். ஊசியால் நெம்பி எடுத்தேன். நுனி பளிச்சென்று இருந்தது. கத்தரிக்கோல் வெட்டு.

அதற்கு முந்தின நீல வரிசையில் நானே கவனிக்காமல் செருகியிருந்த நுனியையும் நெம்பிப் பார்த்தேன். கத்தரிக்கோல். அதற்கும் முந்தினது. கத்தரிக்கோல். காதுக் கோளாறு வந்த நாளிலிருந்து எல்லாமே. அதற்கு முன்னால் மட்டும் எலிவால்.

காதில் கோளாறு வந்தால் பல்லால் நூலைக் கடிக்க முடியாதா? கண்ணிகளை விரலால் தடவினேன். அத்தனையும் ஒரே அளவுத் தளர்ச்சி, அளந்து வைத்ததுபோல. தந்தி தன் வாழ்நாளில் இரண்டு கண்ணியை ஒரே அளவில் போட்டதில்லை. இது வேறு யாருடைய கையோ. வேறு யாரோ எனக்கு வரிசை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியென்றால் அவள் எங்கே?

அவள் செத்துப் போய், எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். வாண்டு எழுந்து "பாட்டீ" என்றாள். எழுந்து போய்ப் பால் கொடுத்தேன். சூடா, ஆறியதா, அவள் குடித்தாளா, ஒன்றும் நினைவில்லை.

சாயங்காலம் மகள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன். "தந்தி உயிரோட இருக்காளா?"

ஒரு கால் செருப்போடு நின்றாள். "என்னம்மா கேள்வி இது? இருக்காங்க. காதுதான்…"

"காதுல பூ சுத்தாதே. நீ எனக்குப் பொறந்தியா, நான் உனக்குப் பொறந்தேனா? இந்த வரிசை யார் பின்னினது?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோனது. கைப்பையை மேசைமேல் வைத்தாள். "பக்கவாதம்மா. வலது பக்கம் வரல. பேச்சு கொஞ்சம் இழுக்குது."

அப்போதும் ஒரு 'கொஞ்சம்'.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். அவங்களே சொல்லக் கூடாதுன்னாங்கம்மா. ரேடியோகிட்ட சொல்லாதீங்க, வரிசை மட்டும் போய்க்கிட்டிருக்கட்டும்னு. அதான் அவங்க மருமக பின்னினா."

"அவ சொன்னா, சரி. நீ ஏன்டி வாயை மூடிட்டு இருந்தே?"

"சொன்னா நீ தினம் ரெண்டு பஸ் ஏறி ஓடுவே. உனக்கு பிபி இருக்கு, வழியில எங்கயாவது விழுந்து…" அங்கே நிறுத்தினாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "சரி, அதுவும் முழுசா நிஜமில்ல. நீ போயிட்டா இவள யாரு பாத்துப்பா? எனக்கு லீவு இல்ல. அவரு இப்போ எந்த ஸ்டேஷன்ல இருக்காருன்னே எனக்குத் தெரியாது. எனக்கு நீ வீட்ல இருக்கணும்மா. அவ்வளவுதான்."

"நான் உனக்கு அம்மாவா, ஆயாவா?"

"ரெண்டும்தான்," என்றாள். "எனக்கு வேற யாரு இருக்கா?"

அவள் அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. கண்ணுக்குக் கீழே கறுத்து, தலைமுடி கலைந்து, இன்னும் ஒரு செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். களைத்தவளைக் களைத்தவள் ஏமாற்றியிருக்கிறாள். எனக்கு அது புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை. இத்தனை வாரமாக அங்கே ஒருத்தி கையில்லாமல் கிடக்க, இங்கே நான் சட்டைக்குக் காலர் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நாளைக்கு நான் போறேன். சனிக்கிழமைதான், நீ லீவு போடு."

"நாளைக்கு மாசக் கடைசிம்மா, எல்லாரும் வரணும், கொஞ்சம்…"

"கொஞ்சமும் கிடையாது," என்றேன். "உன் பொண்ணு. நீ பாத்துக்கோ."

மறுநாள் பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ்ஸில் போனேன். முதல் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, இரண்டாவதில் நின்றேன். வழியெல்லாம் தந்தியிடம் என்னென்ன கேட்க வேண்டும், எப்படித் திட்ட வேண்டும் என்று அடுக்கி வைத்துக்கொண்டே போனேன். என் வாய்க்கு அது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

கதவைத் திறந்த மருமகளுக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. என் மகள் போன் செய்திருக்கிறாள், இவளும் லீவு போட்டுவிட்டாள். "பெரியம்மா, தப்பா நினைக்காதீங்க. அத்தை மாதிரியே வரணும்னு எவ்வளவோ பாத்தேன். தளர்வா வர்றதுக்குன்னு பெரிய நம்பர் ஊசி வாங்கினேன். வேற நூல்ல ஒரு வாரம் போட்டுப் பழகினேன்."

"அங்கதாம்மா தப்பு. உங்க அத்தை மாதிரி உங்க அத்தையே ஒரு தடவைகூடப் பின்னினதில்ல."

அவள் முகம் விழுந்துவிட்டது. வேலைக்கும் போய், மாமியாரையும் குளிப்பாட்டி, ராப்பகலாக எனக்கு ஒரு பொய்யையும் பின்னியிருக்கிறாள். அவள் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனேன்.

ஜன்னலோரக் கட்டிலில் தலையணைகளை அண்டக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை ஒரு சின்னத் தலையணைமேல், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி கிடந்தது. இடது கையில் டீ டம்ளர். என்னைப் பார்த்தாள், பிறகு பையைப் பார்த்தாள். பஸ்ஸில் அடுக்கி வைத்த ஒரு சொல்லும் எனக்கு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சு… போச்சா?" என்றாள். ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வருகிறாள்.

"பல்லு," என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதி முகம்தான் சிரித்தது.

"ஏன்டி மறைச்சே?"

நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். "நீ… களைச்சிருக்கே. இன்னும்… ஒரு நோயாளி… எதுக்கு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கோபமும் கூடவே வந்தது. "அந்த மத்தியானம் ஒண்ணுதாண்டி எனக்கு இருந்துச்சு! அதையும் பிடுங்கிட்டு இஸ்திரிப் பெட்டியக் குடுத்துட்டாங்க. நான் களைச்சிருக்கேன்னு நீ முடிவு பண்ணுவியா? உன்னையும் தூக்கிக் குப்பையில போட்டுட்டா எனக்குக் களைப்பு போயிடுமா?"

இடது கையால் டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தாள். பிறகு தன் முந்தானை நுனியை எடுத்து என் பக்கம் நீட்டினாள். நான் அதில் மூக்கைத் துடைத்தேன்.

விரிப்பை எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். "இது உன் வரிசை இல்ல. அதனால சட்டம் கிடையாது. பிரிக்கப் போறேன்."

"பாவம்… அவ," என்று வாசலைக் காட்டினாள். மருமகள் நின்றுகொண்டிருந்தாள். "பரவால்ல அத்தை," என்று சொல்லிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். நான் உருவ உருவ அவளே நூலைச் சுற்றினாள். அவளுடைய நீலம் போனது, அதற்குக் கீழே என் அரக்கும் போனது, மறுபடி நீலம், மறுபடி அரக்கு. என் வரிசைகள் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அதெல்லாம் தந்திக்கு என்று நினைத்து யாருக்கோ பின்னியது. கடைசியில் எலிவால் நுனி தெரிந்தது. அதற்குமேல் இருந்த என் ஒரு வரிசையை மட்டும் விட்டுவிட்டு நிறுத்தினேன். அடுத்தது நீலம். அவள் முறை.

"கை… இல்ல," என்றாள் தந்தி. கண்ணைத் திருப்பிக்கொண்டாள். அவள் அப்படிக் கண்ணைத் திருப்பி நான் பார்த்ததே இல்லை.

ஜன்னல் திட்டில் இருந்த டம்ளரைப் பார்த்தேன். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு வருஷம் பின்னியும் இதை யோசித்ததில்லை. வலது கை ஊசியைக் குத்தி இழுக்கிறது, அவ்வளவுதான். அதை எந்தக் கையும் செய்யும். நூலை விரலில் சுற்றி, விடுவதும் பிடிப்பதும் இடது கை. என் இறுக்கம் என் இடது கையில் இருக்கிறது. அவள் தளர்ச்சி அவள் இடது கையில்.

"நகரு," என்றேன். எழுந்து அவள் வலப்பக்கம் போய், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தேன். நீல நூலை எடுத்து அவள் இடது ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றினேன். விரிப்பின் விளிம்பை அவளுடைய கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள். ஊசி என் வலது கையில். ஒரே ஆளுக்கு இரண்டு கை மாதிரி ஆயிற்று. என் இடது கைக்கு வேலை இல்லை. அது போய் அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கை சில்லென்று இருந்தது.

முதல் கண்ணி போட்டேன். நூல் வரவில்லை. இழுத்தேன், கொஞ்சமாக வந்தது. இரண்டாவது, மூன்றாவது. என்னுடையதைவிட இறுக்கம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விரலை விறைத்து வைத்திருந்தாள். நானும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கண்ணியை எண்ணினேன். அந்தக் கையும் போய்விட்டதோ என்று பயம் வந்தது. போயிருந்தால் இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மருமகள் நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் போன் அடித்தது. மருமகள் அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தாள். "அம்மா, இவ மஞ்சள் கிண்ணத்துலதான் சாப்பிடுவேங்கறா. அது எங்கம்மா? கொஞ்சம் சொல்லேன்."

"சிங்க்குக்குக் கீழ, பொம்மை வாளிக்குள்ள. இதோ பார், வர்ற வாரத்துலேர்ந்து செவ்வாய்க்கிழமை நான் இங்க வந்துடுவேன். அன்னிக்கு மட்டும் யாரையாவது பாத்துக்கோ."

பின்னால் வாண்டு வீறிட்டுக்கொண்டிருந்தாள். "செவ்வாய்க்கிழமை எப்படிம்மா…" என்றாள் மகள். பிறகு, "சரிம்மா. பாக்கறேன்," என்றாள். அந்தக் குரலைக் கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள நாக்கு துடித்தது.

"வரிசை பாதியில இருக்கு, வை," என்றேன்.

மறுபடி நானும் தந்தியும் ஊசியும். மறுபடி இறுக்கம்.

"ரேடியோ," என்றாள்.

"என்ன?"

"ஏன்… ஆஃப்?"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். ஆமாம், வந்ததிலிருந்து நான் அழுதேன், கத்தினேன், பேசவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கைக்குக் கிடைத்ததை எடுத்தேன். மஞ்சள் கிண்ணத்தை. அந்தக் கிண்ணம் வீட்டுக்கு வந்த கதை, அதை மாப்பிள்ளை தூக்கக் கலக்கத்தில் சவரம் செய்ய எடுத்த கதை, அன்றைக்கு வாண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு வர மாட்டேன் என்ற கதை, அவளைக் கூப்பிடப் போன நானும் அடியில் மாட்டிக்கொண்டு எழ முடியாமல், அலுவலகத்திலிருந்து மகள் வரும்வரை இரண்டு பேரும் அங்கேயே கிடந்த கதை. "வந்து பாத்துட்டு என்ன கேட்டா தெரியுமா என் பொண்ணு? அம்மா, அங்க இருக்கும்போதே கொஞ்சம் தூசியத் துடைச்சிடேன்னு கேட்டா."

தந்தியின் தோள் என் தோள்மேல் குலுங்கியது. ஊசியில் நூல் சடக்கென்று தாராளமாக வந்தது. கண்ணி பெரிதாக, கோணலாக விழுந்தது. அடுத்தது இன்னும் பெரிசு. நான் குனிந்து பார்க்கவில்லை, பேச்சை விட்டுவிட்டால் போய்விடுமோ என்று பயந்துகொண்டு பேசிக்கொண்டே போனேன். மேல்வீட்டுக்காரியை எடுத்தேன், குக்கரை எடுத்தேன், இஸ்திரியை எடுத்தேன். முழங்காலுக்கு வந்தபோது விரல் கொஞ்சம் இறுகியது. உடனே அதை விட்டுவிட்டு மறுபடி மேல்வீட்டுக்குப் போனேன்.

வரிசை முடிந்தது. மருமகள் எழுந்து கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, நூலை அவள் மாமியாரின் வாயருகே கொண்டுபோனேன். முதல்தடவை நழுவியது. இரண்டாம் தடவை நல்ல பக்கத்துப் பல்லுக்கு நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். கடித்தாள்.